மூன்று பேரில் குரங்கு எடுத்தவள்

உச்சிக்காடு எஸ்டேட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால் தனியாகப் போங்கள், இல்லை இருவராகப் போங்கள், நாலு பேராகப் போனாலும் பாதகமில்லை; மூன்று பேராக மட்டும் போய்விடாதீர்கள். போனால் பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு குரங்கு வந்து மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்களில் சேராத ஆள் யாரோ அவர் தோளில் கிடக்கும் துண்டை உருவிக்கொண்டு போய்விடும். அப்புறம் மற்ற இருவரும் ஆயுசு முழுக்க அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புளுகு என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். அந்த மலையில் இப்போது யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. மழை பெய்தால் காலில் அட்டை ஏறும், மூன்று பேர் நின்றால் குரங்கு ஒருத்தரை எடுக்கும், அவ்வளவுதான்.

அதுகளுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததே கொழுந்து பறிக்கிற பெண்கள்தான். வேண்டுமென்று கொடுக்கவில்லை; ஏமாற்றப் போய்ப் பாடம் நடத்திவிட்டார்கள். மத்தியானச் சோற்றைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினால் திரும்பி வருவதற்குள் குரங்குகள் காலி செய்துவிடுகின்றன என்று, பேச்சியம்மா ஒரு தந்திரம் சொன்னாள். ஆளுக்கு மூன்று துணிப்பை. ஒன்றில் சோறு, இரண்டில் காய்ந்த சருகு. எதில் சோறு என்று தங்களுக்கே மறந்துவிடக் கூடாதே என்று சோற்றைச் சிவப்புப் பையிலும் சருகை நீலப் பைகளிலும் வைத்தார்கள். நாலு நாளில் குரங்குகள் சிவப்பைப் பிடித்துக்கொண்டன. உடனே இவர்கள் சோற்றை நீலத்துக்கு மாற்றிச் சருகை இரண்டு சிவப்புப் பைகளில் அடைத்தார்கள். சிவப்பைக் கிழித்து வாய் நிறையச் சருகோடு முழித்த குரங்குகளைப் பார்த்து அந்த மலையே சிரித்தது. அதுகள் நீலத்துக்கு வந்தபோது இவர்கள் பச்சைக்குப் போனார்கள், பச்சைக்கு வந்தபோது பூப்போட்டதுக்குப் போனார்கள். இப்படியே ஒரு பருவம் முழுக்கக் குரங்குகள் தப்பு மேல் தப்பாகச் செய்து பட்டினி கிடந்தன. பிறகு ஒருநாள், காது கிழிந்த ஒரு பெண்குரங்கு, எல்லோரும் ஒத்தக்காது என்று கூப்பிடுவார்களே அதுதான், மூன்று பைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. தொடவில்லை, முகரவில்லை, ஒருத்தி அரைக்கூடை கொழுந்து பறிக்கும் நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து, நிறத்தைச் சட்டையே செய்யாமல், எந்தப் பை தனியாக இருந்ததோ அந்தப் பையை எடுத்துக்கொண்டு மரம் ஏறியது. அன்றைக்குப் போனதுதான் பெண்களின் மத்தியானச் சோறு.

ஒத்தக்காதைப் பார்த்து மற்றக் குரங்குகளும் கற்றுக்கொண்டன, மூன்றாக எது கண்ணில் பட்டாலும் அதுகளால் சும்மா இருக்க முடியவில்லை. கடைக்காரர் சங்கரலிங்கம் முட்டைகளை மும்மூன்றாக அடுக்கிவைத்தால் அழுகல் முட்டையை எடுத்து வீசிவிட்டுப் போகும். மூன்று கோழி நின்றால் நேற்று வாங்கிய கோழியை விரட்டும். அப்புறம் மனுஷர்களிடம் வந்தன. சாயங்காலம் எடை போடும் இடத்தில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கும்போது ஒத்தக்காது வரும், மூன்று மூன்று பேராகப் பார்க்கும், பெரும்பாலும் தலையைச் சொறிந்துவிட்டு நகரும், என்றைக்காவது ஒருத்தியின் தலைத்துண்டை உருவும். முதலில் ரோசம்மாவின் துண்டைத்தான் உருவியது. பத்து நாளில் ரோசம்மா தலைசுற்றி விழுந்தாள், பார்த்தால் சர்க்கரை நானூற்றுச் சொச்சம். அடுத்து வேலாத்தாள், பித்தப்பையில் கல். மூன்றாவது வாட்ச்மேன் பெண்டாட்டி. இருதயத்தில் ஏதோ வால்வு சரியில்லை என்று கோயம்புத்தூரில் போய் அறுத்துக்கொண்டு வந்தாள். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஐசக், காய்ச்சலா சளியா என்று கேட்பதற்கு முன்னால், "குரங்கு எடுத்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். எடுக்கவில்லை என்றால் ஒரு வெள்ளை மாத்திரையோடு சரி.

அந்தக் குரங்கு சந்தனமாரியை எடுத்தது ஆனி மாதம், சாரல் பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை.

சந்தனமாரிக்கு நாற்பத்தோரு வயது. பிள்ளை கிடையாது. புருஷன் தங்கப்பழம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அவன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு குணம், ராத்திரியானால் பேசுவான். எட்டாம் வகுப்பில் வாத்தியார் அடித்ததில் ஆரம்பித்து, எந்தக் கல்யாணத்தில் எவன் தன்னைப் பந்தியில் பின்னால் உட்காரவைத்தான் என்பது வரைக்கும் பேசுவான். நடுவில் அவள் கண் அசந்தால் தோளைத் தட்டி, "கேட்டியா, அப்போ அவன் என்ன சொன்னாங்கிற?" என்பான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வான். நாலு மணிக்கு எழுப்பிக் கடுங்காப்பி கேட்பான். பதினெட்டு வருஷம் இப்படி. அவன் போன அன்றைக்குச் சந்தனமாரி ஊருக்காக ஒரு பாட்டம் அழுதாள், பிறகு கதவைச் சாத்தினாள், பாயைப் போட்டாள், விடியும்வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். அப்புறம் தினமும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் விட்டுப்போன பொம்பளை நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியுமா? கேட்டவர்களிடமெல்லாம், "தூக்கமாவது ஒன்னாவது, விடிய விடியக் கூரையைப் பாத்துக்கிட்டுல்லா கெடக்கேன்" என்றாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அவளுக்கு இந்தப் பக்கத்து நிரையில் கிருபை, அந்தப் பக்கத்து நிரையில் பேச்சியம்மா. மூவரும் பதினைந்து வருஷமாகச் சேர்ந்து பறிக்கிறவர்கள், சேர்ந்து எடை போடுகிறவர்கள். ஒத்தக்காது அன்றைக்கு வந்து மூவரையும் பார்த்தது. யோசிக்கக்கூட இல்லை, நேராக வந்து சந்தனமாரியின் துண்டை உருவியது. "ஐயோ எம் மாரி!" என்று கிருபை வீறிட்ட வீறிடலில் சூப்பர்வைசர் தராசை விட்டுவிட்டார். மறுநாளும் எடுத்தது. தொடர்ந்து பதினோரு நாள் எடுத்தது. ரோசம்மாவைக்கூட இரண்டு தடவைதான் எடுத்தது என்று ஊர் கணக்குப் பார்த்துப் பயந்தது.

கம்பவுண்டர் ரத்தம் எடுத்தார், ஒன்றுமில்லை. பொள்ளாச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் பெரிய டாக்டரம்மா எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல உடம்பை நான் பார்த்ததில்லை, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். குரங்கு என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சந்தனமாரி திரும்பி வந்தாள். ஆனால் ஊரா விடும்? ஒன்றுமில்லை என்றால் ரொம்பப் பெரிசாக இருக்கிறது என்று அர்த்தம், மிஷினுக்கே பிடிபடாத நோய் என்று பேசிக்கொண்டார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்சும் வந்தன. ஆறு வருஷமாகப் பேசாதிருந்த ஓரகத்தி வந்து காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, போகும்போது ஜன்னலோரத்து ரோஜாச்செடியை இப்போதே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். சந்தனமாரி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சாகப்போகிறவளுக்கு ரோஜா எதற்கு?

அவளுக்குப் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர நல்ல பயம். அதைவிட, இது தண்டனை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கட்டின புருஷன் போனதில் சந்தோஷப்பட்டேன், ஊரிடம் அழுததாகப் பொய் சொன்னேன், மாரியாத்தா பார்த்துக்கொண்டுதானே இருப்பாள் என்று நினைத்தாள். விந்தை என்னவென்றால், இவ்வளவு பயத்திலும் பாயில் தலை வைத்தால் தூக்கம் மட்டும் தவறாமல் வந்தது. சாவதற்கு முன்னால் உடம்பு இப்படித்தான் அசத்தும் போலிருக்கிறது என்று அதையும் அவள் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கிருபை பொறுக்கமாட்டாமல் திருப்பூருக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் தங்கப்பழம் வந்து இறங்கினான், கையில் ஒரு பையும் ஒரு தார் வாழைப்பழமுமாக. வாசலிலேயே, "எஞ் சாமி, உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேனே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நிஜமாகவே அழுதான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அன்றைக்கு ராத்திரி பேச ஆரம்பித்தான். இரண்டு வருஷப் பாக்கி இருந்தது அல்லவா? திருப்பூரில் எவன் எவன் தன்னை மதிக்கவில்லை என்று முழுசாகச் சொல்லி முடிக்கவே மூன்று ராத்திரி ஆனது.

நாலாம் நாள் சாயங்காலம் ஒத்தக்காது வந்தது. மூவரையும் பார்த்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது, திரும்ப வந்தது, சந்தனமாரியின் முகத்துக்கு நேரே நின்று அண்ணாந்து பார்த்தது, தலையைச் சொறிந்தது, போய்விட்டது.

அம்மாடி, அன்றைக்கு அந்த மலையில் நடந்த ஆரவாரத்தைச் சொல்லி மாளாது. பேச்சியம்மா அங்கேயே குலவையிட்டாள். கிருபை சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். மாரியம்மன் கோயிலில் பொங்கல், சங்கரலிங்கம் கடை வாசலில் ஒரு சரவெடி. "புருஷன் கால் வச்சான், நோய் ஓடிப்போச்சு" என்பதே பேச்சு. தங்கப்பழம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு லயன் வீடுகளில் வாசல் வாசலாகப் போய், "மருந்து என்ன மருந்து, நான்தான் மருந்து" என்றான். பிரிந்துபோன புருஷன்மார் மூன்று பேருக்கு அந்த வாரம் போன் போயிற்று.

சந்தனமாரிக்கும் சந்தோஷம்தான். சாகவில்லையே! பொங்கலை அள்ளி அள்ளித் தின்றாள். ஆனால் ஒரு வாரம் போகப் போக அவளுக்கு நிற்கிற இடத்தில் கண் சொக்கியது. கொழுந்து என்று நினைத்து முத்தின இலையைப் பறித்தாள். கூடையைக் கவிழ்த்துப் பார்த்த சூப்பர்வைசர், "என்னம்மா, ஆட்டுக்கா பறிச்சே?" என்று கத்தினார். எல்லாரும் அவளை நல்லபடியாகிவிட்டாய் என்றார்கள், அவளுக்கு மட்டும் முன்னாலேயே நன்றாக இருந்தது போலத் தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை நல்ல மழை. பறிக்க முடியவில்லை, கொட்டகைக்குள் எல்லாரும் ஒண்டினார்கள். சந்தனமாரி மூலையில் சாக்கை விரித்துச் சாய்ந்தவள் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிருபைக்கும் பேச்சிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாளோ இல்லையோ, ஒத்தக்காது மழையோடு மழையாக ஓடிவந்து அவள் துண்டை உருவியது.

"கர்த்தாவே, திரும்ப வந்துட்டே!" என்று கிருபை மாரில் அடித்துக்கொண்டாள்.

சந்தனமாரி அடித்துக்கொள்ளவில்லை. அவள் கிருபையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கிருபை வீட்டில் மாமியாருக்கு ராத்திரி முழுக்க இருமல், எழுந்து எழுந்து வெந்நீர் வைக்க வேண்டும். பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் கோவைப்பழம். பேச்சியின் மகன் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து சோறு கேட்பான், நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். கொட்டகை முழுக்கப் பார்த்தாள். ஒருத்தியாவது தூங்கின முகமாக இல்லை. அந்த மலையில் தூக்கம் என்பது ஆம்பிளைகளுக்கும் நாய்களுக்கும் எழுதிவைத்தது.

"அடி பாவிக் குரங்கே, இதுக்கா?" என்றாள் சந்தனமாரி, வாய்க்குள்.

ஆனால் ஒரு தடவையில் நம்பிவிடக் கூடாது அல்லவா? வெள்ளிக்கிழமை தூங்காமல் போய் நின்றாள், ஒத்தக்காது எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சில்வர் ஓக் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டுப் போய் நின்றாள், எடுத்தது. திங்கட்கிழமை தூங்கவில்லை, எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தூங்கினாள், எடுத்தது. நோயில்லை, தண்டனையில்லை, மாரியாத்தாளுக்குத் தன்மேல் ஒரு கோபமும் இல்லை. எத்தனை நாள் எதை நினைத்துப் பயந்தோம் என்று நினைத்து அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஊர் அதைப் பார்த்து நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றது.

அன்றைக்கு அவள் தங்கப்பழத்தைத் திருப்பூருக்கே திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஏழு மணி பஸ்ஸுக்கு அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது எஸ்டேட்டே பாதையை மறித்து நின்றது.

"எக்கா, நீ சாகப்போறியா? அவர் இருக்கும்போதே இப்படி, அவர் போனா நோய் முத்திருமே!" என்றாள் வாட்ச்மேன் பெண்டாட்டி.

"மாரி, நான் போனா நீ செத்துருவே" என்றான் தங்கப்பழமும்.

"சாகமாட்டேன்" என்றாள் சந்தனமாரி. "உம்மேல எனக்குக் கோவமில்ல. நீரு கெட்டவரும் இல்ல. ஆனா எனக்குத் தூக்கம் வேணும்."

"தூக்கமா? தூக்கத்துக்காக எவளாவது புருஷனை அனுப்புவாளாட்டீ?" என்றான் அவன்.

"அனுப்புதேனே" என்றாள் அவள்.

அவன் ஊரைப் பார்த்தான், ஊர் தரையைப் பார்த்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து ஸீட்டுக்காரரிடம், "கேட்டீங்களா அண்ணாச்சி" என்று ஆரம்பித்தான். பஸ் வளைவு திரும்பும் வரைக்கும் அவன் கை ஆடிக்கொண்டிருந்ததும் அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பாயைப் போட்டால் தூக்கம் வரவில்லை. தோளை யாரோ தட்டப் போகிறார்கள் என்றே உடம்பு காத்துக்கொண்டிருந்தது. மறுநாள் எடை போடும் இடத்தில் ஒத்தக்காது அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊர் மூச்சு விட்டது, புருஷன் வந்துபோன ராசி இன்னும் இருக்கிறது என்றது. சந்தனமாரிதான் தலையிலேயே கிடந்த துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்த தூக்கத்தையும் அவன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டானோ, தப்புச் செய்துவிட்டோமோ, இனிமேல் இப்படியேதானோ? இரண்டாம் நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள், எப்போது கண்ணை மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. கண் திறந்தபோது வெளியே நல்ல வெளிச்சம், வேலைக்குச் சங்கு ஊதி முடிந்திருந்தது, வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு நின்றாள். ஒத்தக்காது வந்தது. கிருபையைப் பார்த்தது, பேச்சியைப் பார்த்தது, இவளைப் பார்த்தது, துண்டை உருவிக்கொண்டு போயே போய்விட்டது.

"எந் தாயே!" என்று சந்தனமாரி அங்கேயே கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கிருபையும் பேச்சியும் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

"அழாதீங்கட்டீ, இது நோயில்ல" என்றாள். "நான் தூங்குனேன். அதான் எடுத்துச்சு. இத்தனை நாளும் அதான். தூக்கமில்லன்னு உங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய். அவரு போனதுலருந்து நான் விடிய விடியத் தூங்குதேன்."

திட்டுவார்கள் என்று சந்தனமாரி எதிர்பார்த்தாள்.

"அப்போ ரோசம்மா?" என்றாள் கிருபை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவளுக்கு நோய் இருந்துச்சுல்லா?"

"அன்னைக்கு அந்த மூணு பேருல அவ தனியா இருந்திருப்பா. குரங்கு நோயையா பாக்குது? நோயைப் பாத்து எடுக்குறதா இருந்தா, இங்க என்னை விட்டுட்டு தூக்கங்கெட்ட உங்க அத்தனை பேர் துண்டையும்லா எடுத்திருக்கணும்."

ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாகப் பார்க்கிற முகம்தான். சூப்பர்வைசர் எடை போடக் கூப்பிட்டார், யாரும் நகரவில்லை.

பேச்சியம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "ஏட்டி மாரி, இன்னைக்கு உன் வீட்டுல இன்னொரு பாய் போட எடம் இருக்குமா? எம் மவன் சோத்தை அவனே போட்டுக்கிடட்டும்."

"தாராளமா வா" என்றாள் சந்தனமாரி.

மறுநாள் சாயங்காலம் ஒத்தக்காது வந்தது. மூவரையும் ஒரு தடவை பார்த்தது. சந்தனமாரியை விட்டது, பேச்சியம்மாவை விட்டது, கிருபையின் துண்டை உருவிக்கொண்டு சில்வர் ஓக் உச்சிக்கு ஏறிவிட்டது.

கிருபை வெறுந்தலையோடு நின்று அந்த இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, மலைக்கே கேட்கும்படி, "இன்னைக்கு வெந்நியை எங்க வீட்டுக்காரரு வச்சுக் குடுக்கட்டும் அவுக அம்மைக்கு!" என்றாள்.